“விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது” – நுகர்வோர் கேள்வி பதில்

இம்மாதக் கடிதங்கள் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கி முறைப்பாட்டுக் கடிதத்தில் முடிகின்றன. ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

வெள்ளவத்தை வாசகி: ஐந்து கிழமைக்கு முன் காலி வீதியில் ஒரு கடையில் பிரிட்ஜ் வாங்கினோம். மூன்றாவது கிழமையே குளிர் நின்றுவிட்டது. சேர்விஸ்காரர் இரண்டு தரம் வந்து காஸ் அடித்துவிட்டுப் போனார்கள். திரும்பவும் அதே கதை. மாற்றித் தாருங்கள் என்றால், ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். வாங்கிப் போன பிறகு மனம் மாறி வேறு நிறம் கேட்டால் அந்த அச்சு வரியைக் கடைக்காரர் காட்டலாம். பழுதான பொருளுக்கு அதைக் காட்டித் தப்ப முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தோடு, சொல்லாமலே அடங்கியிருக்கும் உத்தரவாதத்தையும் கணக்கில் எடுக்கிறது. பிரிட்ஜ் என்று விற்றால் அது குளிரூட்ட வேண்டும்; இதை யாரும் எழுதித் தரத் தேவையில்லை. விசாரித்து முறைப்பாடு சரியென்று கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. வியாபாரி பணியாவிட்டால், அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றம் வழியாகத் தண்டப்பணம் போல அறவிடலாம்.

இதே பிரிவில் ஒரு கெடுவும் இருக்கிறது. பலர் தோற்பது அதில்தான். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கணக்கு, பழுதான நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து. “நாளைக்கு ஆள் அனுப்புறோம்”, “பாகம் கப்பலில் வருது”, “மேனேஜர் கண்டிக்குப் போயிட்டார்” என்று ஒவ்வொரு கிழமையாக இழுபடும்போது உங்கள் கெடுதான் கரைகிறது. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. இன்றே தொடங்குங்கள்.

முதலில் சேர்விஸ் தாள். ஆள் வந்துபோன ஒவ்வொரு தரமும் திகதி, கண்ட பழுது, செய்த வேலை மூன்றும் எழுதிய தாளைக் கையொப்பத்தோடு வாங்க வேண்டும். முன்பு வாங்காவிட்டால், சேவை நிலையத்துக்குப் போய் அந்த இரண்டு வருகைக்கும் பிரதி கேளுங்கள். அதில் ‘காஸ் நிரப்பப்பட்டது’ என்று இருந்தால் அதுவே உங்களுக்குப் பலமான சான்று. பிரிட்ஜின் காஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது; பெற்றோல் போல எரிந்து தீராது. குறுகிய காலத்தில் இரண்டு தரம் நிரப்ப வேண்டி வந்தால் எங்கோ கசிகிறது, கசிவு அடைக்கப்படவில்லை என்றுதான் பொருள். அதோடு ஒரு வெப்பமானியை உள்ளே வைத்து, கதவைச் சில மணி நேரம் திறக்காமல் விட்டுப் படம் எடுங்கள். கீழ்த்தட்டில் 4 பாகை செல்சியஸ் அளவிலும், உறைபெட்டியில் மறை 18 அளவிலும் இருக்க வேண்டும். “குளிர் பத்தாது” என்று சொல்வதைவிட “கீழ்த்தட்டில் 15 பாகை” என்று காட்டுவது வேறு.

அடுத்தது கடைக்கு ஒரு கடிதம். கடை உரிமையாளருக்கும், உத்தரவாத அட்டையில் பெயருள்ள இறக்குமதியாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 14 நாள் தவணை கொடுத்து, மாற்றுப் பெட்டியா பணமா என்று ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பில், உத்தரவாத அட்டை, சேர்விஸ் தாள்கள், கடிதம், தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றின் பிரதியையும் இணைத்து அதிகார சபைக்கு எழுதுங்கள். மூலப் பிரதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். சபையின் 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் சொல்வது விலை, பதுக்கல் போன்றவற்றுக்கு நல்லது. உங்களுடைய விடயத்துக்கு எழுத்துத்தான் வேண்டும்.

அதே விடயம், தெஹிவளை வாசகர்: எங்கள் சலவை இயந்திரம் எட்டாவது மாதத்தில் நின்றது. பில்லும் இல்லை. மூன்று மாதக் கெடு முடிந்தால் கதை முடிந்ததா?

கெடு போய்விட்டது. உரிமை போகவில்லை. ஒரு வருட உத்தரவாதம் எழுத்தில் இருந்தால் அது கடைக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம், அது ஓடிக்கொண்டிருக்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டமும் பொருள் தரமானதாக, வாங்கிய நோக்கத்துக்கு உதவுவதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்த வழி மத்தியஸ்த சபை, நீதிமன்றம் என்று நீளும். இன்னொரு வாசலும் உண்டு. காசு வாங்கித் திருத்தினார்கள் என்றால் அந்தத் திருத்த வேலையே ஒரு சேவை. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு. திருத்தியும் சரிவராவிட்டால், திருத்திய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த வேலையைப் பற்றித் தனியாக முறையிட இடமுண்டு. திருத்தக் கூலிக்குப் பில் வாங்குங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதுவது இதற்காகத்தான்.

பில் தொலைந்தால் அட்டையில் செலுத்திய வங்கிக் கணக்குக் கூற்று, கடை முத்திரையும் தொடர் இலக்கமும் உள்ள உத்தரவாத அட்டை, கடைக் கணினியிலிருந்து எடுத்த மறுபிரதி எல்லாம் உதவும். வெப்பத் தாளில் அச்சாகும் பில் சில மாதத்தில் வெளிறிவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்து வையுங்கள்.

மட்டக்குளி வாசகர்: 180,000 ரூபா ரி.வி.யை மாதம் 10,500 வீதம் 24 மாதத்துக்குத் தருகிறார்கள். வட்டி 20 வீதம்தானாம். எடுக்கலாமா?

பெருக்கிப் பாருங்கள்: 10,500 × 24 = 252,000. மேலதிகம் 72,000. அதை இரண்டு வருடத்துக்குப் பிரித்து 180,000க்கு வகுத்தால் 20 வீதம் வரும்; விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். பன்னிரண்டாம் மாதத்தில் உங்கள் கையில் 180,000 ரூபா கடன் இல்லை, வட்டியோ முதல் நாள் தொகைக்கே போட்டிருக்கிறது. குறைந்துசெல்லும் மீதியின் மேல் கணக்கிட்டால் இது வருடத்துக்கு ஏறத்தாழ 34, 35 வீதம். வங்கியில் தனிநபர் கடன் எடுக்க வசதியிருந்தால் அங்கே சொல்லும் வீதத்தோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணை. அந்த 20ஐ அல்ல.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இன்றைக்கே முழுக் காசும் தந்தால் கடைசி விலை என்ன?” பெரும்பாலும் சுவரில் ஒட்டிய விலையைவிடக் குறைத்துத்தான் சொல்வார்கள். 165,000 என்று வந்தால் தவணையின் உண்மையான மேலதிகம் 72,000 அல்ல, 87,000. கடன் அட்டையில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று வருவதையும் இப்படியே பாருங்கள். வட்டி இல்லாவிட்டாலும் கையாளும் கட்டணம் இருக்கும், அல்லது காசுக்குக் கிடைக்கும் கழிவு கிடைக்காது. முன்கூட்டியே கடனைத் தீர்த்தால் எவ்வளவு குறைப்பார்கள், ஒரு தவணை பிந்தினால் எவ்வளவு கூட்டுவார்கள் என்பதையும் கையொப்பமிட முன் எழுத்தில் கேளுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகி: அட்டையில் கட்டினால் 3 வீதம் கூட என்கிறார்கள். சட்டமா?

இல்லை. அட்டை இயந்திரத்துக்காக வங்கி வியாபாரியிடம் அறவிடும் கழிவை வாடிக்கையாளர் தலையில் கட்ட அனுமதியில்லை என்று மத்திய வங்கி பகிரங்கமாகவே அறிவித்திருக்கிறது. வியாபாரிக்கும் இயந்திரம் கொடுத்த வங்கிக்கும் உள்ள ஒப்பந்தத்தையும் அது மீறுகிறது. பில்லில் பொருளின் விலை, அட்டைத் துண்டில் கூடிய தொகை இரண்டும் தெரிய வாங்கிக்கொண்டு, உங்கள் அட்டையைத் தந்த வங்கிக்கு அனுப்புங்கள். துண்டின் தலைப்பில் இயந்திரம் எந்த வங்கியுடையது என்று இருக்கும்; அவர்களுக்கும் ஒரு பிரதி. வங்கி அசையாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு, தொலைபேசி இலக்கம் 1935.

“அது மேலதிகக் கட்டணம் இல்லை, காசுக்குக் கழிவு” என்று சில கடைகள் பெயரை மாற்றிச் சொல்லும். ஒட்டிய விலை எது என்று பாருங்கள். ஒட்டிய விலைக்கு மேல் போனால் என்ன பெயர் வைத்தாலும் அது கட்டணம்தான்.

கொட்டாஞ்சேனை வாசகி: மகளின் கல்யாணத்துக்குச் செட்டியார் தெருவில் நகை எடுக்கப்போகிறோம். ஒரு கடையில் கூலி இல்லை என்கிறார்கள், இன்னொன்றில் சேதாரம் குறைவு என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் கிராமுக்கு மாற்றிப் பாருங்கள். 22 கரட் ஒரு பவுண், அதாவது 8 கிராம், 300,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம், கிராம் 37,500. இரண்டு பவுண் சங்கிலி, 16 கிராம். முதல் கடையில் கூலி இல்லை, சேதாரம் 14 வீதம்: 2.24 கிராம், 84,000 ரூபா. இரண்டாம் கடையில் சேதாரம் 8 வீதம், கூலி பவுணுக்கு 15,000: 1.28 கிராமுக்கு 48,000, கூலி 30,000, மொத்தம் 78,000. ‘கூலி இல்லாத’ கடை 6,000 ரூபா கூட. தங்கம் விலை ஏறும்போது வீதத்தில் சொல்லும் சேதாரமும் தானாக ஏறும், ரூபாவில் சொல்லும் கூலி ஏறாது. முற்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்த நாள் விலையில் முடிப்பார்கள் என்பதையும் முற்பணப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நிறுக்கும்போது நூலும் விலைத்துண்டும் கழற்றியிருக்கட்டும். தராசு மூன்று தசமம் காட்டட்டும், நகை வைக்க முன் பூச்சியத்தில் நிற்கட்டும். வியாபாரத் தராசுகளில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். கண்ணில் படாவிட்டால் கேளுங்கள். கல் வைத்த நகையில் கல்லின் எடையைத் தனியாகக் கழித்தார்களா என்று பாருங்கள். கல்லுக்கு ஒரு கரட் 0.2 கிராம், சிறு சிறு கல்லாக நிறைத்த அட்டிகையில் அது கிராம் கணக்கில் போகும். தங்க விலையில் கண்ணாடிக் கல்லை வாங்குவது நகைக்கடையில் நடக்கும் மிகப் பழைய நட்டம். உள்ளே பொள்ளலாகச் செய்து அரக்கு நிரப்பிய நகைகளிலும் இதே சிக்கல்.

22 கரட் என்றால் 916, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 8 கிராமில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். முத்திரை குத்தியிருப்பது மட்டும் போதாது, பில்லிலும் ‘22 கரட்’ என்று எழுத்தில் வேண்டும். சந்தேகம் வந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முந்தின கிழமை அல்ல, வாங்கிய கிழமையே போங்கள். முன்பு சொன்ன மூன்று மாதக் கெடு நகைக்கும் பொருந்தும்.

பில்லில் இருக்க வேண்டியவை: மொத்த எடை, கல்லின் எடை, தங்கத்தின் எடை, கரட், அன்றைய கிராம் விலை, சேதாரம், கூலி. திரும்பக் கொடுத்தால் எத்தனை வீதம் கழிப்பார்கள் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில், பிற்பாடு கழிப்பது அவர்கள் இஷ்டம்.

மருதானை வாசகர்: 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் 100 ரூபா எடுத்தார்கள். ‘கூலிங் சார்ஜ்’ என்றார்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வர்த்தமானியில் உச்ச சில்லறை விலை 500 மில்லிலீற்றருக்கு 70 ரூபா, ஒரு லீற்றருக்கு 100, ஒன்றரை லீற்றருக்கு 130, ஐந்து லீற்றருக்கு 350. உச்ச விலை என்றால் அதற்கு மேல் எதுவும் இல்லை, குளிரும் அதற்குள்தான். 2021இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் திருத்தப்பட்ட பின் உச்ச விலைக்கு மேல் விற்கும் தனி வியாபாரிக்கு ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரையும், கம்பனிக்கு ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். 30 ரூபாவுக்காக இவ்வளவு பெரிய தண்டமா என்று கடைக்காரர் கேட்பார். நாளுக்கு எத்தனை போத்தல் விற்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். பில்லோடு 1977க்குச் சொல்லுங்கள். அவசரத்தில் பில் வாங்க மறக்க வேண்டாம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.

கிராண்ட்பாஸ் வாசகர்: பாண் சிறுத்துக்கொண்டே வருகிறது. நிறை இவ்வளவு என்று ஏதும் உண்டா?

உண்டு. 2024 பெப்ரவரி வர்த்தமானியின்படி ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், குறையக்கூடியது 13.5 கிராம் மட்டும். அரை இறாத்தல் 225 கிராம், குறையக்கூடியது 9. ஆக முழுப் பாண் 436.5க்கும், பாதி 216க்கும் கீழே போகக்கூடாது. பாண் ஆற ஆற ஈரம் போய் எடை குறையும் என்பதால், வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் நிறுத்தால் கணக்கு நிற்காது. கடையிலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

காஸ் சிலிண்டருக்கும் தராசு உதவும். வெற்றுச் சிலிண்டரின் எடை கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் வேறுபடும். அதோடு 12.5 கிலோவைக் கூட்டுங்கள். 13.4 என்று அடித்திருந்தால் தராசு 25.9 காட்ட வேண்டும். பூட்டிய பின் இணைப்பில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா பார்ப்பது தனி வேலை, அதையும் விடாதீர்கள்.

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்க வாசகர்: 12 அடிக்கு 14 அடி அறைக்கு ஏ.சி. பூட்டப்போகிறோம். எது நல்லது? முந்தியது மூன்று வருடத்தில் துருப்பிடித்துப் போய், வொரன்டியும் தரவில்லை.

168 சதுர அடி. சாதாரணமாக 12,000 பி.ரி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) போதும். மேல்மாடியில் கொங்கிறீற்றுத் தட்டுக்கு நேர்கீழே, அல்லது பின்னேர வெயில் சுவரில் விழும் அறையென்றால் ஒரு படி மேலே போகலாம். இரவெல்லாம் ஓடுமென்றால் கொம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வேட்டர் வகைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு மின்கட்டணத்தில் திரும்பும். எப்போதாவது ஒரு மணி நேரம் போடுபவருக்குத் திரும்புவது கடினம்.

உங்களுடைய உண்மையான கேள்வி உப்புக்காற்று. ‘கொம்ப்ரசருக்குப் பத்து வருட உத்தரவாதம்’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அது கொம்ப்ரசருக்கு மட்டும். காஸ், கூலி, போக்குவரத்து, சுருள், மின்பலகை அதில் இல்லை. சிறிய எழுத்தில் துரு, உப்பரிப்பு, பூச்சி பல்லி புகுந்து வந்த சேதம், மின் ஏற்ற இறக்கம் எல்லாம் விலக்கு. அட்டையைப் பின்பக்கமிருந்து வாசியுங்கள். கரையோரத்தில் வெளிப்பெட்டியின் சுருள் செம்பாக இருப்பதும், தகடுகளுக்கு அரிப்புத் தடுக்கும் பூச்சு இருப்பதும் முக்கியம். பெட்டியைக் கடலைப் பார்க்க வைக்காமல் கட்டடத்தின் மறுபக்கத்தில் வையுங்கள். மாதம் ஒரு தரம் மின்னை நிறுத்திவிட்டு, வெளிப்பெட்டியின் தகடுகளை நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவினால் ஆயுள் கூடும்.

பூட்டும் வேலையில்தான் அதிகம் கெடுகிறது. எத்தனை அடி செம்புக் குழாய் விலையோடு வருகிறது, மேலதிக அடிக்கு எவ்வளவு, சுவர்த்தாங்கி, வயர், பிரேக்கர் யார் செலவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். குழாய் பொருத்தியதும் வெற்றிடப் பம்பு போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகுதான் காஸ் வால்வைத் திறக்க வேண்டும். சிலர் பம்பு கொண்டுவராமல் கொஞ்சம் காஸைத் திறந்து காற்றைத் தள்ளிவிடுவார்கள். ஈரம் உள்ளே தங்கிவிடும், விளைவு பிறகுதான் தெரியும். ஒரு வருடத்தில் காஸ் குறைந்தது என்றால் பெரும்பாலும் குழாய் மூட்டுக் கசிவு; அது பூட்டியவரின் வேலைக் குறை, உங்கள் பாவனைக் குறை அல்ல. காசு கேட்டால் கசிவு எங்கே என்று சேர்விஸ் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தெமட்டகொடை வாசகர்: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய நீட்டு வயர் ஒன்று கேத்தல் போட்டதும் உருகிவிட்டது. எப்படித் தெரிவு செய்வது?

நாட்டின் தரநிலை சதுர முள் 13 அம்பியர் பிளக். அதற்குள் ஓர் உருகி (பியூஸ்) இருக்கும். 230 வோல்ற்றில் 13 அம்பியர் என்றால் ஏறத்தாழ 3,000 வாற்று. கேத்தல் 2,000, அயன் 1,500 என்று ஒரே வயரில் சேர்த்தாலே எல்லை தாண்டும். வயரில் குறுக்குப் பரப்பு அச்சிட்டிருக்கும்; 13 அம்பியருக்கு 1.25 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. மலிவு வயர்களில் வெளியே தடித்த இறப்பர், உள்ளே நூல் போன்ற செம்பு. ஒரு சிறு காந்தத்தைப் பிளக் முள்ளில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, பித்தளை ஒட்டாது. எஸ்.எல்.எஸ். சின்னத்தோடு தரநிலை இலக்கமும் இருக்க வேண்டும். வெறும் சின்னம் மட்டும் அச்சிட்டிருந்தால் எல்விற்றிகல மாவத்தையில் இருக்கும் இலங்கைத் தரநிர்ணய நிறுவனத்தில் கேட்டறியலாம். சுருட்டி வைத்தபடி கேத்தல் போட வேண்டாம், சுருளுக்குள் சூடு வெளியேறாது.

வத்தளை வாசகர்: புதிய போன் வாங்கும்போது என்ன பார்ப்பது?

*#06# அழுத்தினால் போனின் அடையாள இலக்கமான 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே இலக்கம் இருக்கட்டும். காசு கொடுக்க முன் IMEI என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். 2025 ஜனவரி இறுதியிலிருந்து புதிதாகப் பதிவில்லாத கருவிகளுக்கு வலையமைப்பு கிடைக்காமல் போகக்கூடும் என்பதால் இது சும்மா விடும் விடயமல்ல. ‘கம்பனி வொரன்டி’யா ‘கடை வொரன்டி’யா என்றும் கேளுங்கள். கடை வொரன்டி கடை இருக்கும் வரைதான். ஐபோன் என்றால் தொடர் இலக்கத்தை அப்பிளின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். உத்தரவாதக் காலம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தால், பிரிக்காத பெட்டியில் வந்தாலும் அது புதிது அல்ல.

முகத்துவாரம் வாசகி: பேஸ்புக்கில் சேலைக்கு 8,500 ரூபா வங்கியில் போட்டேன். வந்தது வேறு துணி. இப்போது என்னை ‘புளொக்’ செய்துவிட்டார்கள்.

முதல் நாளே வங்கிக்குப் போயிருக்க வேண்டும். இப்போதும் போங்கள், கணக்கிலக்கம், திகதி, தொகையோடு எழுத்தில் முறையிடுங்கள். உடனடி வங்கி மாற்றலை உங்கள் விருப்பத்துக்குத் திருப்ப முடியாது. அட்டையில் கட்டியிருந்தால் கொடுப்பனவை எதிர்த்து வங்கியிடம் கோர வழியிருந்திருக்கும். பக்கத்தின் முகவரி, உரையாடல், விளம்பரப் படம், பொதியில் ஒட்டிய அனுப்புநர் விபரம் எல்லாவற்றையும் படம் எடுத்துப் பொலிஸில் கொடுங்கள். அதிகார சபையால் கூப்பிட்டு விசாரிக்க ஒரு வியாபாரியும் ஒரு முகவரியும் வேண்டும். பெயரில்லாத பக்கத்தை அழைக்க முடியாது. ஆகவே வாங்க முன் பார்க்க வேண்டியது விலையை அல்ல, கடை முகவரியை. பக்கம் எப்போது தொடங்கியது, எத்தனை தரம் பெயர் மாறியது என்பதும் பக்கத்தின் விபரங்களில் தெரியும். பொதி வந்ததும் முகவரித் துண்டு தெரியும்படி தொடங்கி, வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பிரியுங்கள்.

கொள்ளுப்பிட்டி வாசகர்: விலைப்பட்டியலில் 4,000. பில் 5,192. எங்கே போனது?

4,000க்குச் சேவைக் கட்டணம் 10 வீதம், 4,400. அதன்மேல் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம், 792. கூட்டினால் 5,192. கணக்கு சரி. சேவைக் கட்டணம் அரசாங்க வரியல்ல, உணவகத்தின் காசு. அதை முன்கூட்டியே பட்டியலில் சொல்லியிருக்க வேண்டும். வற் அறவிட, வற்றுக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். பில்லில் 7000 என்று முடியும் வற் இலக்கம் இருக்கிறதா பாருங்கள். இல்லாமல் வற் எடுத்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு 1944 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம்.

மட்டக்குளி வாசகி: மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெட்டித் தருகிறார்கள். திகதி தெரிவதில்லை.

காலாவதித் திகதி அட்டையின் ஒரு முனையில்தான் அடித்திருக்கும். அந்த முனை இல்லாத துண்டைத் தந்தால் மீதி அட்டையைக் காட்டச் சொல்லி, திகதியையும் தொகுதி இலக்கத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பல வாசகர்கள்: அதிகார சபைக்குத் தமிழில் எழுதலாமா? எப்படி எழுதுவது?

தாராளமாக. தமிழ் அரசகரும மொழி. சுற்றி வளைக்காமல், ஏமாற்றுக்காரர் என்று திட்டாமல், திகதி வரிசையில் எழுதினால் போதும். முதல் கேள்வியின் வாசகிக்குப் பொருந்தும் மாதிரி இது:

“பணிப்பாளர் நாயகம், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, கொழும்பு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழான முறைப்பாடு. (திகதி) அன்று (கடையின் பெயர், முகவரி)இல் (மாதிரி, தொடர் இலக்கம்) குளிர்சாதனப் பெட்டியை ரூபா (தொகை)க்கு வாங்கினேன். (திகதி) முதல் அது குளிரூட்டவில்லை. (திகதி), (திகதி) ஆகிய இரு தினங்களில் சேவையாளர் வந்து காஸ் நிரப்பியும் பழுது நீங்கவில்லை. (திகதி) அன்று பதிவுத் தபாலில் கடைக்கு எழுதியும் பதில் கிடைக்கவில்லை. பெட்டியை மாற்றித் தரவோ, முழுத் தொகையைத் திருப்பித் தரவோ உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். இணைப்பு: பில், உத்தரவாத அட்டை, சேவைத் தாள் 2, கடிதம், தபால் பற்றுச்சீட்டு, வெப்பமானிப் படங்கள்.”